தோண்டிய நிலத்தைத் திருப்பித் தருவது எப்படி?

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையை நோக்கிச் செல்லும் மாணவர்கள், வழியில் உள்ள வயல்களில் ஒரு காட்சியைக் கவனித்திருப்பீர்கள். வயலின் ஓரத்தில் ஒரு பெரிய கிணறு இருக்கும். கிணறு வெட்டியபோது வெளியே எடுத்த மண்ணும் கல்லும் கரையருகே மேடாகக் குவிந்து கிடக்கும். கிணறு வெட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த மேட்டின்மேல் சில முட்செடிகளையும் காய்ந்த புல்லையும் தவிர வேறொன்றும் வளர்ந்திராது. பத்தடி தள்ளி, அதே வயலில், நெல்லோ கேழ்வரகோ செழித்து நிற்கும்.

இரண்டும் ஒரே நிலத்து மண்தானே? ஒன்றில் பயிர் விளைகிறது. மற்றொன்றில் ஏன் விளையவில்லை?

வயதான விவசாயி ஒருவரைக் கேட்டால், "அது அடிமண்ணு தம்பி, அதுல உசிரு இல்லே" என்பார். அவர் சொல்வது அறிவியல்படி மிகச் சரியானது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஏன் இத்தனை சட்டங்கள் தேவைப்படுகின்றன என்பதும் விளங்கிவிடும்.

மேல் மண்ணின் சிறப்பு

நிலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள பகுதியே மேல் மண் எனப்படும். பாறை சிதைந்து உண்டான மணலும் களிமண்ணும் இதில் உள்ளன. அவற்றுடன் இலை, வேர், சாணம் ஆகியவை மக்கி உண்டான மட்கும் கலந்திருக்கிறது. ஒரு கைப்பிடி மேல் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூஞ்சைகளும் மண்புழுக்களும் இருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் தழைச்சத்தாக மாற்றுவதும், மக்கியவற்றிலிருந்து மணிச்சத்தை விடுவிப்பதும் இந்த நுண்ணுயிர்களின் வேலையாகும்.

ஆழத்தில் கிடக்கும் அடிமண்ணில் மட்கு மிகக் குறைவு, உயிர்களும் குறைவு. அது வெறும் கனிமப் பொடியே. மழை பெய்தால் நீரைப் பிடித்து வைக்காது. வெயில் அடித்தால் இறுகிவிடும். ஓர் அங்குல மேல் மண் இயற்கையில் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஜவ்வாது மலைச் சரிவில் சாமை விதைக்கும் மக்கள் கல் வரப்புக் கட்டி மண் அரிப்பைத் தடுப்பது இதனால்தான்.

கிணறு வெட்டும்போது சில சென்ட் நிலமே கெடுகிறது. ஒரு ஊர் அளவு, பல ஊர்கள் அளவு நிலத்தை ஆழமாகத் தோண்டினால் என்ன ஆகும்? இதற்கு விடை காண ஆலங்காயத்திலிருந்து தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்வேலிக்குச் செல்லவேண்டும்.

கிணற்றில் வந்த கரி

நெய்வேலியின் கதையும் ஒரு கிணற்றில்தான் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் நீருக்காக ஆழ்துளை இட்டபோது, நீருடன் கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. டெர்ஷியரி காலத்தில் சதுப்பு நிலக் காடுகள் மண்ணில் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறி உண்டானதே இந்தப் பழுப்பு நிலக்கரி. இதை லிக்னைட் என்றும் கூறுவர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசின் நிறுவனமாகத் தோற்றுவிக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேலே மூடியிருந்த மண்ணை அகற்றி நிலக்கரிப் படிவத்தைக் கண்ணால் காண 1961-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. 2016-இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது.

நெய்வேலியில் நிலக்கரியின்மேல் கிடக்கும் மண்ணின் கனம் இடத்துக்கு இடம் 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மாறுகிறது. இதை மேல்மூடு மண் என்போம். இதைச் சுரங்கவழியாகக் குடைந்து செல்ல முடியாது. மண் தளர்வானது, சரிந்துவிடும். ஆகவே மண் முழுவதையும் நீக்கித் திறந்தவெளிச் சுரங்கம் அமைக்கவேண்டியிருக்கிறது. இராட்சதச் சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய வெட்டு எந்திரங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. பெரிய எந்திரங்களில் ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் கொள்ளளவு உள்ளது. வெட்டிய மண் ஓடும் பட்டைகளில் பல கிலோமீட்டர் பயணம் செய்து, மண் பரப்பும் எந்திரத்தை அடைகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நீர் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கித் தள்ளுகிறது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எனவே இது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். மேலே உள்ள மண்ணின் எடையை நீக்கிவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து நீர் பீறிடும். அதைத் தடுக்க இரவும் பகலும் குழாய்க் கிணறுகள் மூலம் நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஆகவே சுரங்கம் என்பது மண்ணோடு மட்டும் முடிவதன்று. நிலத்தடி நீரின் கணக்கும் அதில் சேரும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு கிலோகிராம் நெய்வேலி நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 முதல் 6 கன மீட்டர் மேல்மூடு மண்ணை அகற்றவேண்டும். மாதம் 100 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு 100 கிலோகிராம் நிலக்கரி தேவை. அதற்காக அரை கன மீட்டருக்கு மேற்பட்ட மண் இடம் பெயர்கிறது. நம் வீட்டு விளக்கில் எந்த நிலையத்து மின்சாரம் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. மின்கம்பி வலையில் எல்லாம் கலந்தே வருகின்றன. ஆனால் அதில் நெய்வேலிக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 10,000 சதுர மீட்டர். மேல்மூடு மண்ணின் கனம் 80 மீட்டர் எனில், அகற்றவேண்டிய மண் 8,00,000 கன மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் கனமுள்ள மேல் மண் எவ்வளவு? வெறும் 3,000 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 270 பங்கில் ஒரு பங்கு.

ஒரு பானைக் குழம்பில் ஒரு சிட்டிகை சர்க்கரை விழுந்தால் அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியுமா? மேல் மண்ணை மற்ற மண்ணோடு கலந்துவிட்டாலும் அப்படியே. பிறகு எத்தனை கோடி செலவிட்டாலும் அதே மண் கிடைக்காது. நிலத்தை மீட்கும் வேலை சுரங்கம் முடிந்த பிறகு தொடங்கும் வேலையன்று; முதல் மண்வெட்டி விழும் நாளிலேயே தொடங்கவேண்டிய வேலை. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

நிலத்தை மீட்கும் முறை

திறந்தவெளிச் சுரங்கம் வேலை செய்யும் விதம் பல்லாங்குழி ஆட்டத்தைப் போன்றது. முதல் குழியில் தோண்டிய மண்ணை வெளியே மலைபோல் குவிக்கவேண்டும். நிலக்கரியை எடுத்த பிறகு அந்தக் குழி காலியாகிறது. அடுத்த பகுதியில் தோண்டும் மண்ணைக் கொண்டு அந்தக் குழியை நிரப்புகிறார்கள். இவ்வாறு குழி முன்னே நகர்கிறது. பின்னே நிலம் நிரம்பி வருகிறது. இறுதியில் ஒரு குழி மட்டும் நிரப்ப மண்ணின்றி மிஞ்சும். பெரும்பாலும் அது ஏரியாக மாற்றப்படுகிறது. ஜெர்மனியின் லுசாட்டியப் பகுதியில் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இப்படித்தான் ஏரிகளாக மாற்றப்பட்டன.

நிரப்பிய நிலம் வயலாகவோ காடாகவோ மாறப் பின்வரும் படிகள் தேவை.

1. தோண்டுமுன் மேல் மண்ணைத் தனியே சுரண்டி எடுத்து, தாழ்வான குவியல்களாக வைக்கவேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். குவியலின்மேல் பயறு வகைச் செடிகளை வளர்த்தால் மண் அரிக்கப்படாது.

2. குழியை அடிமண்ணால் நிரப்பிச் சமன் செய்து, சரிவைக் குறைக்கவேண்டும். புதிதாகக் கொட்டிய மண் சில ஆண்டுகள் வரை அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

3. மழைநீர் வடிய வாய்க்காலும், அரிப்பைத் தடுக்க வரப்பும் அமைக்கவேண்டும்.

4. சேமித்த மேல் மண்ணை அதன்மேல் பரப்பவேண்டும்.

5. சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை வளர்த்து மடக்கி உழவேண்டும். தொழு உரமும் ஏரி வண்டலும் நுண்ணுயிர் உரங்களும் இடவேண்டும்.

6. ஆண்டுதோறும் மண்ணைச் சோதித்து, தேவையான சத்துகளைச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும்.

நெய்வேலியில் நிரப்பிய நிலத்தில் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. நெல் முதலிய பயிர்களும் சோதனையாகப் பயிரிடப்பட்டுள்ளன. இந்த ஆய்வுகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டுள்ளது. சுரங்க மண்ணில் மட்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு என்பதும், எருவும் நுண்ணுயிர் உரமும் சேர்த்துப் பொறுமையுடன் பாடுபட்டால் அது பயிர் ஏற்கும் என்பதும் இவற்றால் தெரியவந்தன.

செலவை யார் ஏற்பது?

நிலக்கரியைத் தோண்டுவதில் வருமானம் உண்டு. குழியை மூடுவதில் வருமானம் இல்லை. ஆகவே முதல் வேலையைச் செய்ய எவரும் முன்வருவர். இரண்டாம் வேலையைச் செய்யச் சட்டம் வேண்டும்.

நம் நாட்டில் சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் காக்கும் சட்டம் முதலில் வந்தது. 1901-இல் இந்தியச் சுரங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1902-இல் சுரங்கங்களைச் சோதிக்கும் அலுவலகம் ஏற்பட்டது. அதுவே இன்று தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமாக இயங்குகிறது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்திக் காட்டும் அதிகாரிகளும் கருவிகளும் பணமும் வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

அரசு பணம் தந்து உதவும் முறையும் பழையதே. நிலத்தடியில் கரியை எடுத்த வெற்றிடத்தை மணலால் நிரப்பாவிட்டால் மேல்தரை இடிந்து விழும், தீயும் பரவும். இதற்காக 1939-இல் ஒரு சட்டம் இயற்றி, நிலக்கரிமீது வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மணல் நிரப்பும் வேலைக்கு உதவி செய்தார்கள். 1974-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு, வளர்ச்சிச் சட்டமும் இந்த வழியைத் தொடர்ந்தது.

இந்த வேலையை உரிய காலத்தில் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஜார்கண்டிலுள்ள ஜாரியா நிலக்கரி வயலைப் பாருங்கள். அங்கே 1916-இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் முழுதும் அணையவில்லை. அங்கு வாழும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தவும் தீயைக் கட்டுப்படுத்தவும் 2009-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின் மதிப்பு ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கரியை விற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். செலவு பொதுமக்களின் தலைமேல் விழுந்தது.

அமெரிக்காவிலும் இதே அனுபவம்தான். தோண்டிய மலைகளைப் பலர் அப்படியே விட்டுச் சென்றார்கள். 1977 ஆகஸ்டு 3 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு வழிகளைக் காட்டியது. இனித் தோண்டுவோர், நிலத்தை மீட்பதற்கான பிணைத்தொகையை முன்கூட்டியே கட்டவேண்டும். நிலத்தைச் சரிசெய்த பிறகே அது திரும்பக் கிடைக்கும். நூலகத்தில் நாம் கட்டும் முன்பணத்தைப் போன்றதே இது. பழைய கைவிடப்பட்ட சுரங்கங்களுக்காக, வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு கட்டணம் விதிக்கப்பட்டது. அன்று திறந்தவெளிச் சுரங்கக் கரிக்கு 35 சென்ட், நிலத்தடிச் சுரங்கக் கரிக்கு 15 சென்ட், பழுப்பு நிலக்கரிக்கு 10 சென்ட். இச்சட்டத்தைத் தாமே நடத்த முன்வரும் மாநிலங்களுக்கு நிர்வாகச் செலவில் ஒரு பகுதியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. இருந்தும் பழைய குழிகளைச் சரிசெய்து முடியவில்லை. 2021-இல் மேலும் 1,100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவேண்டி வந்தது.

இந்தியாவின் மூடல் கணக்கு

2009 ஆகஸ்டில் நம் நாட்டின் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்டத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பிறகு அவை பலமுறை திருத்தப்பட்டன. அவற்றின்படி சுரங்கம் தொடங்கும்போதே அதை மூடும் திட்டத்தையும் தரவேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என 2009-ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டார்கள். அந்தத் தொகையைச் சுரங்கத்தின் ஆயுட்கால ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுதோறும் 5 விழுக்காடு கூட்டி, ஒரு பொறுப்புக் கணக்கில் வங்கியில் போட்டுவர வேண்டும். நிறுவனம் தன் விருப்பப்படி இதை எடுக்க முடியாது. கல்கத்தாவில் 1916-இல் தொடங்கிய நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இதைக் கண்காணிக்கிறது.

1,000 ஹெக்டேர் பரப்பும் 30 ஆண்டு ஆயுளும் உள்ள ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை 60 கோடி ரூபாய். முதல் ஆண்டு 2 கோடி கட்டவேண்டும். இரண்டாம் ஆண்டு 2 கோடியே 10 லட்சம். முப்பதாம் ஆண்டு கட்டுவது 8 கோடிக்கு மேல். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 133 கோடி. கூட்டு வட்டிக் கணக்கின் பயனை இங்கே காண்கிறோம்.

பணம் கட்டினால் மட்டும் போதுமா? நிலம் உண்மையில் பசுமையாகிறதா என்று பார்க்கவேண்டும். ராஞ்சியிலுள்ள மத்தியச் சுரங்கத் திட்ட வடிவமைப்பு நிறுவனம் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆராய்ந்து வருகிறது. தாவரங்கள் அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வெற்று மண் அவ்வாறு அனுப்பாது. இந்த வேறுபாட்டைக் கொண்டு எவ்வளவு நிலம் பசுமையாகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். ஆனால் வானிலிருந்து பச்சை நிறம் தெரியும். அது தைல மரமா நெல்லா, அடியில் மேல் மண் இருக்கிறதா என்பதை நேரில் சென்று மண்ணைச் சோதித்தே அறியமுடியும்.

நிலமும் மக்களும்

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் மூடப்பட்டது. அதன் ஆயுள் 58 ஆண்டுகள். நிலத்தின் ஆயுளோ அப்படி முடிவதன்று. அதை உழுதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவிப் பகுதியில், பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய் வெட்டும் பணிக்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் எந்திரங்கள் இறங்கின. அந்த நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கதிர் வரும்வரை காத்திருக்கக் கூடாதா என்றனர் மக்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது; பயிருக்கு இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று. இதற்கு முன்பே, 2020-இல், காவிரி டெல்டா நிலங்களைக் காக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது.

மின்சாரமும் வேண்டும், சோறும் வேண்டும். எங்கே தோண்டுவது, எங்கே தோண்டாமல் விடுவது, தோண்டிய நிலத்தை மீட்ட பிறகு அது யார் கைக்குப் போவது என்பவை எந்திரம் விடை சொல்லும் கேள்விகள் அல்ல. நாளை வாக்களிக்கப் போகும் நீங்கள் விடை சொல்லவேண்டியவை. அப்போது மேல் மண்ணின் கணக்கு தெரிந்து பேசுவது நல்லது.

செய்து பாருங்கள்

மூன்று சிறு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியில் வயலின் மேல் மண்ணையும், இரண்டாவதில் கிணற்று மேட்டு மண்ணையும், மூன்றாவதில் கிணற்று மேட்டு மண்ணுடன் நான்கில் ஒரு பங்கு மக்கிய தொழு உரத்தையும் நிரப்புங்கள். மூன்றிலும் பத்துப் பத்துத் தட்டைப் பயறு விதைகளை ஊன்றி, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். 30 நாட்கள் வரை வாரம் ஒருமுறை செடியின் உயரத்தையும் இலைகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். பிறகு செடியைப் பிடுங்கி வேரிலுள்ள முடிச்சுகளை எண்ணுங்கள். மூன்றாவது தொட்டி முதல் தொட்டியை எட்டிப் பிடிக்கிறதா?

சிந்தித்து விடை எழுதுக

1. மேல் மண்ணைத் தனியே சேமிக்காமல் தோண்டிய நிலத்தைப் பின்னர் மீட்பது ஏன் கடினம்?

2. மேல்மூடு மண் 60 மீட்டர், மேல் மண் 20 சென்டிமீட்டர் எனில், மேல் மண் எத்தனை பங்கில் ஒரு பங்கு?

3. மூடல் தொகையைச் சுரங்கம் முடிந்த பிறகு மொத்தமாக வாங்காமல், ஆண்டுதோறும் வாங்குவது ஏன்?